முயல் வந்தால் அமுக்கக் கூடாது

பிப்ரவரி 9

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவள் எழுதுவது. நானும் பேத்தி பொம்மியும் நன்றாகவே இருக்கிறோம். என் முட்டி மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. ஆபரேஷன் செய்த உங்கள் இடுப்பு தேறிவிட்டதா? சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நான்கு வருடத்துக்கு முன்னால், நான் பாதிப் பேச்சில் இருக்கும்போது நீங்கள் போனை வைத்தீர்கள். "அதனால நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்பது வரை வந்திருந்தேன். அன்றோடு உங்களுக்குப் போன் செய்வதை விட்டுவிட்டேன். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பேசினார். ஜூன் மாதம் பொம்மியை விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போகிறாராம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே நடத்துவதாம், உயரமான மதிலாம், தோட்டமாம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்க்கலாமாம். அவரும் என் மகளும் வெளிநாட்டு வேலையை முடித்துத் திரும்ப இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை ஒரு வயதானவள் கையில் எப்படி விட்டுவைப்பது என்றார். குரல் அவருடையது. வார்த்தை உங்களுடையது.

எனக்கு எதுவும் மறப்பதில்லை. பொம்மிக்கு மூன்று வயது, உங்கள் வீட்டு மீன்தொட்டியைத் தள்ளி உடைத்தாள். நீங்கள் குடையை மடக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "அடக்கம் இல்லாத பிள்ளை. ஒரு இடத்தில கவனம் நிக்காது. வளர்ப்பு அப்படி." அன்றைக்கு எனக்குத் தேநீர் கொடுத்த கோப்பைக்குக் கைப்பிடி இல்லை. அதற்கப்புறம் டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். இது வளர்ப்பால் வருவதில்லை என்று வாயாலும் சொன்னார். நீங்கள் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை உங்கள் பேச்சைத் தாண்டமாட்டார். அதனால் உங்களிடமே கேட்கிறேன். பொம்மிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. இந்தப் பிள்ளைகளின் மூளையைப் படம் எடுக்கிறார்கள். கவனம் எப்படி நிற்கிறது, கையை அடக்கு என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்களாம். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க, ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். பொம்மியை அதில் சேர்க்கிறேன். அவளுக்கு அடக்கம் இருக்கிறதா இல்லையா என்று படமே சொல்லட்டும். இருக்கிறது என்று வந்தால் அவள் என்னோடு இருப்பாள். இல்லை என்று வந்தால் நானே பெட்டி கட்டி அனுப்புகிறேன்.

சம்மதமா என்று ஒரு வரி எழுதுங்கள். ஈரத் தரையில் நடக்காதீர்கள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

அன்புள்ள சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இடுப்பு மெதுவாகத் தேறுகிறது. கைத்தடியுடன் வீட்டுக்குள் நடக்கிறேன், வாசற்படி இறங்க இன்னும் அனுமதியில்லை. உங்கள் முட்டிக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள்.

போன் விவகாரம் இவ்வளவு நாள் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. அன்று வாசலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் நின்றிருந்தார். கோப்பை எனக்கு நினைவில்லை.

குழந்தைமேல் எனக்கு வெறுப்பு என்று எண்ணவேண்டாம். போன வருடம் அவள் உங்கள் கையை உதறிவிட்டுச் சாலைக்கு ஓடினாள். பேருந்து நின்றதால் பிழைத்தாள். உங்களால் பின்னால் ஓட முடியவில்லை. அதை என் மகன் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மதில் உயரமாக இருப்பது அதனால்தான் எனக்குப் பிடித்தது.

உங்கள் யோசனை நியாயமானது. விஞ்ஞானம் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகள் தேவை என்கிறீர்கள். என் மகள் வயிற்றுப் பேரன் துரைக்கும் பொம்மியின் வயதுதான். வகுப்பில் முதல் மாணவன், உட்கார் என்றால் உட்காருவான். ஏப்ரல் விடுமுறையில் அவன் அம்மாவுடன் அனுப்பிவைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

குழந்தைக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாயார்


மார்ச் 6

என் செல்ல மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன தடவை உன் கன்னம் ஒட்டித் தெரிந்தது, கேமராமேல் பழி போடாதே. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. போனில் இதெல்லாம் பேசமுடியவில்லை. உன் மகள் சிவப்புப் பட்டனைக் கண்டால் விடுவதில்லை. அதனால்தான் எழுத்து.

நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளைக் கொடுத்துவிட்டேன். ஆராய்ச்சி செய்கிறவள் சின்னப் பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு சாவிக்கொத்தும் தொங்கும். நிஜ மெஷினுக்கு உடனே கூட்டிப்போகவில்லை. பக்கத்து அறையில் பொய் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதே குழாய், அதே நகரும் கட்டில், உள்ளே காந்தம் மட்டும் இல்லை. படுத்தால் கண்ணுக்கு மேலே கார்ட்டூன் ஓடும். தலை அசைந்தால் கார்ட்டூன் நின்றுவிடும். பொம்மிக்கு இரண்டு தரம் நின்றது. மூன்றாம் தரம் அவளே தலையை ஆட்டி நிறுத்திப் பார்த்தாள், காரணம் அதுதானா என்று. தெரிந்தபிறகு அசையவே இல்லை.

விளையாட்டைக் கேள். திரையில் பூனை வந்தால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். பூனை, பூனை, பூனை, வந்துகொண்டே இருக்கும். நடுவில் திடீரென்று ஒரு முயல். முயல் வந்தால் அமுக்கக் கூடாது. கை பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த அடக்கிக்கொள்ளும் நேரத்தில் மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. உன் மகளுக்கோ முயல்தான் பிடிக்கும், முயலுக்குத்தான் அமுக்கினாள்.

"ஏன் முயலுக்கு அமுக்கக் கூடாது?"

"அது விளையாட்டோட சட்டம்டா கண்ணு."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான்."

"நீ ஏன் போட்டே?"

அந்தப் பெண் பாவம், விளையாட்டை முதலிலிருந்து போட்டாள்.

நிஜ மெஷின் பலமாகச் சத்தம் போடுமாம். அதை அதே வரிசையில் பதிவு செய்து கொடுத்தார்கள், வீட்டில் பழகுவதற்கு. சாப்பாட்டு மேஜைமேல் போர்வையைத் தொங்கவிட்டு அதன் அடியில் படுக்கவைக்கிறேன். முதல் நாள் நான் படுத்துக் காட்டினேன். எழுந்திருக்க முடியவில்லை, எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. "என்னம்மா, ஒயரிங் பாக்கறீங்களா?" என்றான். சிரிக்காதே. இப்போது அவளுக்கு அந்தச் சத்தமெல்லாம் மனப்பாடம், பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு கிர்ர் என்கிறாள்.

ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். "ரிசல்ட் எப்பம்மா தருவே?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"என்ன ரிசல்ட் பாட்டி?"

"இவளுக்கு அடக்கம் இருக்கு, இல்லைன்னு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பாட்டி, இது ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பு சொல்ற படம் இல்லை. நிறையப் பிள்ளைங்க படத்தைச் சேர்த்துவெச்சுப் பாத்தாதான் எங்களுக்கே ஏதாவது பிடிபடும். எல்லாரும் செய்யற அதே வேலையை இவங்க மூளை வேற வழியில போய்ச் செய்யுதான்னு தேடறோம். அவ்வளவுதான். பொம்மிக்குன்னு தனியா எதுவும் எழுதித் தர முடியாது."

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், படம் என்றால் எலும்பு முறிவு மாதிரி, பார்த்ததும் தெரிந்துவிடும் என்று நினைத்துவிட்டேன். உன் மாமியாரும் படித்தவர், அவரும் அப்படித்தான் நினைத்துச் சம்மதம் எழுதியிருக்கிறார். அவருக்கு இதை இன்னும் சொல்லவில்லை. துரை வந்துபோகட்டும்.

வெந்நீரில் குளி. உன் கணவருக்கு என் அன்பைச் சொல்.

அம்மா


மார்ச் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம், சாப்பிடுகிறோம், கன்னம் ஒட்டவில்லை. மேஜைக்கு அடியில் இனிமேல் போகாதே.

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகப் பதில் எழுதத் தெரியாமல் இருந்தேன். அத்தையைத் திட்டுவதைக் கொஞ்சம் நிறுத்து அம்மா. விடுதி என்பது அவர்கள் மட்டும் சொன்னது இல்லை. அவர்கள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். பொம்மியைப் பிரியவேண்டும் என்று இல்லை. சாலையில் அன்றைக்கு நடந்தது மறுபடி நடந்தால்? உனக்கு ஏதாவது ஆகி, அவள் உன் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால்? வேலையை விட்டு வர எங்களால் இப்போது முடியாது. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பந்தயத்தை மறந்துவிடு. ஸ்கேன் முடிந்ததும் எழுது. மாத்திரையை விடாதே.

உன் மகள்


ஏப்ரல் 18

மகளுக்கு,

இங்கே சுகம். மாத்திரை போடுகிறேன். நீயும் தலையாட்டினாய் என்பதை மனதில் வைத்துக்கொண்டேன். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

நேற்று படம் எடுத்தார்கள். உன் நாத்தனார் துரையைக் காலை ரயிலில் கூட்டிவந்தாள், தாளில் கையெழுத்துப் போட்டாள், "பக்கத்துலதான் எங்க கிளை ஆபீஸ், ஒரு மீட்டிங், மதியம் வந்துடறேன்" என்று போய்விட்டாள். இரண்டு பிள்ளைகளும் நானும்தான்.

முதலில் பொம்மி. தோடு, சட்டைக் கொக்கி, தலைக் கிளிப், எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள், இரும்பு இருந்தால் மெஷின் இழுத்துக்கொள்ளுமாம். காதுக்கு மூடி வைத்தார்கள், பயந்தால் அழுத்தக் கையில் ஒரு ரப்பர் பந்து. உள்ளே போனாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் ஆரம்பித்தது, சுவரே அதிர்ந்தது. பொம்மி அசையாமல் படுத்திருந்தாள். வெளியே இருந்த திரையில் தெரிந்தது, முயலுக்குச் சில தரம் அமுக்கினாள், பல தரம் அமுக்கவில்லை. வெளியே வந்ததும் "பயந்தியாடி?" என்று கேட்டேன். "நாலாவது சத்தம் நல்லா இருக்கு" என்றாள்.

அடுத்து துரை. "எனக்கெல்லாம் பயமே கிடையாது. எங்க ஸ்கூல்ல யோகாவுல நான்தான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லிக்கொண்டே படுத்தான். கட்டில் உள்ளே போனது. முதல் டக் டக் டக். அவ்வளவுதான். ரப்பர் பந்தை நசுக்கிக்கொண்டு ஒரு அலறல். ஓடிப்போய் வெளியே இழுத்தார்கள். கால்சட்டை நனைந்திருந்தது.

பொய் மெஷினில் அவனைப் பழக்க நேரம் கிடைக்கவில்லை, ஊரிலிருந்து நேராக வந்தவன். அவன்மேல் என்ன தப்பு? ஆனால் அவனுக்கு அது புரியவில்லை. வாஷ்ரூமுக்குக் கூட்டிப்போனேன். கால்சட்டையை அலசி, கை உலர்த்துகிற மெஷினுக்குக் கீழே பிடித்தேன். அது பாதிப் பாதியில் நின்று நின்று ஊதும். அவன் என் துண்டைச் சுற்றிக்கொண்டு மூலையில் நின்றான்.

"பாட்டி, அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன்."

"எங்க பாட்டிகிட்ட சொல்லவே சொல்லாதீங்க. சத்தியமா."

"நான் எதுக்குடா சொல்றேன்? இந்த வாயை மூடினா மூடினதுதான்."

சொல்லிவிட்டேன் பார். உன் மாமியாருக்கு எதிராக ஆறு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த ஆயுதம் ஈரமாக என் கையில் இருந்தது. அதை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால், அந்த ஆராய்ச்சிப் பெண் "போதும் கண்ணா, கட்டாயமே இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். அவன் போகவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது பொம்மி, அவனைப் பார்த்துக்கூட அல்ல, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "முதல்ல டக் டக் டக். அப்புறம் ஒண்ணுமில்லை. அப்புறம் ஊஊங். அப்புறம் ஒண்ணுமில்லை. நாலாவது நல்லா இருக்கும்."

"அப்புறம்?" என்றான் துரை.

"அப்புறம் கிர்ர். அது சீக்கிரம் முடிஞ்சுடும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "இன்னிக்கு எடுக்கற படம் எங்க ஆராய்ச்சிக்கு உதவுமோ உதவாதோ, பையன் பயந்துபோய் வீட்டுக்குப் போகக் கூடாது" என்றாள். துரை மறுபடி படுத்தான். பொம்மியை மைக் முன்னால் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் இவள் "இப்ப ஊஊங் வரும்" என்று சொல்லுவாள், அது வரும். அவன் அசையாமல் படுத்திருந்தான். கடைசி வரைக்கும். யாராவது பாராட்டினாலே காதைப் பொத்திக்கொள்கிற பொம்மி, எல்லாரும் கை தட்டியதும் மேஜைக்கு அடியில் போய்விட்டாள். துரையும் மேஜைக்கு அடியில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

உன்னிடம் சொல்வது அவனுக்குக் கொடுத்த வாக்கில் சேராது, நீ அவன் அம்மாவும் இல்லை பாட்டியும் இல்லை. நீ வாயைத் திறந்தால் நான் உன்னைப் பெறவே இல்லை என்று வைத்துக்கொள்.

அம்மா


ஏப்ரல் 19

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் இடுப்புக்கு என் விசாரிப்பு. துரை ரயிலில் தூங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருப்பான். நல்ல பிள்ளை. சொன்னபடி படுத்தான், கடைசி வரை அசையவில்லை. கால்சட்டையில் தண்ணீர் சிந்திவிட்டது, கசங்கியிருந்தால் என் கைதான் காரணம். களைத்திருப்பான், அதைப் பற்றி அவனை அதிகம் கேட்க வேண்டாம்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படம் தனியாக ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லாதாம். பொம்மிக்கு அடக்கம் உண்டு என்றும் எழுதித் தரமாட்டார்கள், இல்லை என்றும் தரமாட்டார்கள். மார்ச் மாதமே இது எனக்குத் தெரியும், எழுதாமல் இருந்தேன். பந்தயம் கட்டியவள் நான். கையில் காட்ட ஒன்றும் இல்லை. அவள் என்னோடு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது.

முடிவு உங்கள் கையில்.

சம்பந்தி


மே 10

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே வேலை அதிகம், மற்றபடி ஒன்றுமில்லை.

விடுதியில் இடம் உறுதி என்று அவருக்குக் கடிதம் வந்துவிட்டது. ஜூன் பத்தாம் தேதி கொண்டுவிட வேண்டும். அத்தை உனக்குப் பதிலே போடவில்லை என்கிறாய். போனில் எங்களிடமும் இதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மேஜைக்கு அடியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததைப் படித்த பிறகு என்னால் முன்னைப்போலத் தலையாட்ட முடியவில்லை அம்மா. அவரிடம் சொன்னேன். "அம்மா என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்கிறார். அத்தையிடம் துரை விஷயத்தைச் சொல்லிவிடேன். அவர்கள் பேரனே பயந்தான், பொம்மிதான் தேற்றினாள் என்று தெரிந்தால் மனம் மாறும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடலாமா என்று இருக்கிறது.

உன் மகள்


மே 17

மகளுக்கு,

நலம். கேள்.

அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றதை நீ பார்க்கவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் மானத்தை எடுத்து விற்கச் சொல்கிறாய். உன் மாமியார்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு, இதைச் சொன்னால் இரண்டு நாள் சோறு இனிக்கும். மூன்றாம் நாள் அவன் முகம் வரும். கை பரபரக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முயல் வந்தால் அமுக்கக் கூடாது என்று ஒரு குழந்தைக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவள் நான். நீயும் அமுக்காதே.

ஜூன் பத்து என்றால் பத்து. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா


மே 26

அன்புள்ள சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் முட்டி தேவலையா? என்னை வாசற்படி இறங்க அனுமதித்துவிட்டார்கள், நேற்று தெருமுனை வரை நடந்தேன்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும், தோற்றவர் காரணம் சொல்கிறார் என்று நினைத்தேன். அதனால் எழுதவில்லை. அதன் பிறகு வீட்டில் ஒன்று நடந்தது.

போன வெள்ளிக்கிழமை மேல்மாடிக்காரர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். அவர்களிடம் நான் துரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவ்வளவு சத்தத்துல, சிலை மாதிரி படுத்திருந்தானாம். என் மகனோட பொண்ணும் இருக்காளே, அவளால அது முடியுமா?" என்றேன். துரை கரண்டியைத் தட்டில் போட்டான்.

"நிறுத்துங்க பாட்டி" என்றான். எல்லார் முன்னாலும்.

"என்னடா இது?"

"நான்தான் அலறினேன். நான்தான் நனைச்சுட்டேன். பொம்மிதான் மைக்ல சொல்லிச்சொல்லி என்னைப் படுக்கவெச்சா. அவளைப் பத்தி இனிமே அப்படிப் பேசாதீங்க."

சொல்லிவிட்டு அழுதான். என் மகள் எழுந்து அவனை அணைத்துக்கொண்டாள். மேல்மாடிக்காரர்கள் தண்ணீர் குடித்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவன் தூங்கப் போகும் முன் கேட்டேன், "அந்தப் பாட்டிக்கு இது தெரியுமாடா?" என்று. "அவங்கதான் துவைச்சுக் காயவெச்சாங்க. சொல்லமாட்டேன்னாங்க. சொல்லலை இல்லே?" என்றான்.

உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். "தண்ணீர் சிந்திவிட்டது, கசங்கியிருந்தால் என் கைதான் காரணம்." உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டேன். வேறு மாதிரி எழுதியிருப்பேன், பக்கம் பக்கமாக.

ஆராய்ச்சி செய்யும் பெண்ணுக்கும் போன் செய்தேன். உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னாள். என்னால் நம்ப முடியாமல் மூன்று விதமாகக் கேட்டேன், மூன்று தரமும் பொறுமையாகச் சொன்னாள்.

என் மகனிடம் நேற்று பேசினேன். விடுதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் "தேங்க்ஸ்மா" என்றான். இத்தனை நாள் அவனும் இதைத்தான் கேட்கக் காத்திருந்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சாலைப் பயம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை. அதற்கு ஒரு வழி தோன்றுகிறது. என் மகள் சம்மதித்துவிட்டாள், நீங்கள் சம்மதித்தால் ஜூன் பாதியில் நான் அங்கே வந்து உங்களோடு இருக்கிறேன், இவர்கள் திரும்பும் வரை. நம் இருவராலும் ஓட முடியாது. ஆனால் ஒருத்தி கதவைச் சாத்தும்போது இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொள்ளலாம். மாடி அறை எல்லாம் எனக்கு ஒத்துவராது. கூடத்தில் ஒரு கட்டில் போதும்.

துரை பொம்மிக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னான்: "எனக்கும் நாலாவதுதான் பிடிச்சுது."

அன்புடன்,
துரைக்கும் பொம்மிக்கும் பாட்டி


ஜூன் 2

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கி நின்றபடியே படித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் பொம்மிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். துரையின் செய்திக்கு "தெரியும்" என்றாள். நாங்கள் சுகம். இதற்கு மேல் சுகமாக இருக்க எங்களுக்குத் தெரியாது.

மன்னிப்பு என்கிற சொல் உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். பரவாயில்லை. எனக்கும் நன்றி என்கிற சொல் எளிதில் வராது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளப் போகிறோமோ. என் மகளைக் கேட்டேன், போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. கூடத்தில் ஜன்னல் பக்கமாகக் கட்டில் போட எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். விளக்குச் சுவிட்சையும் கைக்கு எட்டும்படி இறக்கித் தருகிறானாம். துரைக்கு லீவு விட்டால் அவனும் வரட்டும். அவனை முறையாகப் பழக்கி மறுபடி படம் எடுக்கவேண்டும் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ஆனால் அவன் சரி என்றால் மட்டும்தானாம்.

யாருக்கும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். விடுதியில் சேரும் பிள்ளைகளின் துணியில் எல்லாம் எண் தைத்துக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இவளுக்கு நாற்பத்தேழு. நீங்கள் பதில் போடாத அந்த நாட்களில், இவள் தூங்கும் நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தைத்தேன். பாவாடை, சட்டை, துவாலை, காலுறையில்கூட. கண்ணீர் துணியில் படக் கூடாது என்று தலையைத் தூக்கித் தூக்கித் தைத்தேன். எல்லாம் முடித்து, பெட்டியில் அடுக்கியும் வைத்தாயிற்று. அதன் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது.

இப்போது பெட்டியைத் திறந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தையல் எப்போதும் நெருக்கமாகவே விழும். போகிற இடத்தில் துணி தொலைந்துவிடக் கூடாது என்று இரட்டை நூல் வேறு போட்டுத் தொலைத்தேன். ஊசிமுனையால் நான் ஒரு கண்ணியைத் தூக்கிக் கொடுக்கிறேன், பொம்மி நூலைப் பிடித்து இழுக்கிறாள். துணி கிழியாமல், அடுத்த கண்ணிக்காகக் காத்திருந்து இழுக்கிறாள். நேற்று முழுக்க உட்கார்ந்தும் இரண்டு சட்டைதான் ஆயிற்று. இன்னும் பெட்டி நிறைய இருக்கிறது.

நீங்கள் வரும்போது கண்ணாடியை மறக்காமல் எடுத்துவாருங்கள். உங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறோம். அவசரம் ஒன்றும் இல்லை.

பொம்மியின் பாட்டி